யார் பேருக்கு?

அவளுக்குக் கரும்புச்சாறு என்றால் உயிர். மாட்டுங்காவில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஸ்டேஷனுக்கு வெளியே சாறு பிழிகிற மிஷினின் சலங்கைச் சத்தம் கேட்டதுமே அவள் நடை மெதுவாகிவிடும். ஆனால் ‘குடிப்போமா’ என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“எக்கா, உங்களுக்கு நாக்கு வறண்டிருக்குமே.”

“எனக்கு ஒண்ணும் வறளலட்டி.”

“இல்லக்கா, மொகத்தப் பாத்தாலே தெரியுது.”

தாகமே இல்லாமல் நான் ஒரு கிளாஸ் குடிக்கவேண்டும். அப்போதுதான் அவள் ஒரு கிளாஸ் குடிப்பாள். எனக்குத் துணையாகக் குடிக்கிறாளாம்.

எல்லாமே அப்படித்தான். ரயிலில் பெண்கள் டப்பாவில் ஏறினால், “இந்த எக்காவுக்கு மயக்கம் வரும், கொஞ்சம் எடம் குடுங்க” என்று எனக்காக இந்தியில் இடம் கேட்பாள். கிடைத்த இடத்தில் நாங்கள் இரண்டுபேரும் ஒட்டி உட்காருவோம். மீன் வாங்கினால் வீட்டுக்காரருக்கு. மல்லிகை வாங்கினால் சாமிக்கு. அவளுக்குப் பிடித்த மஞ்சள் சேலையை எடுத்தபோதுகூட, “எங்க அத்தைக்கு மஞ்சள்னா பிடிக்கும், ஊருக்குப் போறப்ப உடுத்துனா சந்தோசப்படும்” என்றாள். ‘எனக்கு வேணும்’ என்கிற இரண்டு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது.

தாராவியில் எங்கள் சந்தில் எதிரெதிர்க் கோலி எங்களுக்கு. கோலி என்றால் ஒரே அறைதான். மூலையில் குளிக்க, பாத்திரம் கழுவ ஒரு மோரி. மேலே படுக்க ஒரு பரண். அவள் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். அதனால் சந்தில் எல்லாருக்கும் அவள் டெம்போக்காரர் வீட்டம்மா. நான் இட்லிமாவு அரைத்து விற்கிறவள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் அவளை ஏட்டி என்பேன், புள்ளை என்பேன். பேர் சொல்லிக் கூப்பிடவேண்டிய தேவையே வந்ததில்லை.

எங்கள் சந்து முனையில் தகரக்கூரை போட்ட அம்மன் கோயில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்த கோயில். ஆடியில் கொடைத் திருவிழா. கொடை வந்தால் சந்தில் உள்ள பெண்களுக்கெல்லாம் ஒரே கவலை, அந்த நேரத்தில் தூரமாகிவிடக் கூடாது என்பதுதான். முளைப்பாரி போட்டவளுக்கும் பால்குடம் நேர்ந்தவளுக்கும் இன்னும் கவலை. அதற்காக நாள் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். நல்லதோ கெட்டதோ, பல வீட்டில் நடக்கிறதுதான். மெடிக்கலில் நிற்பது ஆம்பளைப் பையன்கள் என்பதால் கேட்க எல்லாருக்கும் வெட்கம். டெம்போக்காரர் வீட்டம்மாதான் எல்லாருக்கும் சேர்த்து வாங்கிவருவாள். யாருக்கு எப்போது நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

தனக்கும் அதில் வாங்குவாள். அதையும் தனக்கென்று கேட்கமாட்டாள்.

“ஒண்ணு எங்க மாமியாருக்கு.”

“மாமியாருக்கு வயசு என்ன?” என்று ஒருதடவை மெடிக்கல்காரர் கேட்டுவிட்டார்.

“அறுவது இருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே வந்ததும், “எதுக்குட்டி அந்தக் கெழவிய இழுக்க?” என்றேன். “வேற யாரு பேரும் சட்டுனு வரலக்கா” என்றாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்படிச் சிரிக்கிறவள்தான், மாதத்தில் மூன்று நாலு நாள் ஆளே காணாமல் போய்விடுவாள். கதவு சாத்தியிருக்கும். தட்டினால், “ஒண்ணுமில்லக்கா, அவருக்கு ஒடம்பு சரியில்ல” என்பாள். அவர் டெம்போவில் பிவண்டிக்குப் போயிருப்பது எனக்குத் தெரியும். ஒருநாள் தண்ணீர் வருகிற நேரத்தில் குடத்தோடு நின்றவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அப்போதும், “குடம் ஓட்டை போலருக்கு, அதான் பாத்தேன்” என்றாள்.

பொம்பளைக்கு வயிற்றுவலி சகஜம் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றவள் நான். ஆனால் அவள் ஒன்று சொல்வாள்: “ஆடி மாசம் மட்டும் அம்மன் எனக்கு வலி குடுக்கமாட்டாக்கா. முளைப்பாரி தூக்குதேன்லா, அதுக்கு அவ தார லீவு.” அதைச் சொல்லும்போது அவள் முகம் விளக்கேற்றின மாதிரி இருக்கும். நானும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளையில்லை. ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்பாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவள் அரிசி களைந்துகொண்டே, “ஆமா அத்த, சரி அத்த” என்பாள். அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஒரே மகன். பேரன் முகம் பார்க்க ஆசை. ஆனால் கேட்பதற்கு அந்த ஒரு கேள்விதான் அவளிடம் இருந்தது.

கடைசியில் வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் நோயின் பேர் தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய சதை வெளியேயும் வளர்ந்து, மாதாமாதம் அதுவும் கசிந்து, கசிந்ததற்குப் போக வழியில்லாமல் உள்ளேயே கட்டியாகி, குடலோடும் மற்றதோடும் ஒட்டிக்கொள்ளுமாம். அந்தக் கட்டிக்கு, அதன் நிறத்தை வைத்து, சாக்லேட் கட்டி என்று பேர். கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, “அவ சாக்லேட்டே திங்கமாட்டாளே!” என்று ஆச்சரியப்பட்டாள். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு எப்படி நடமாடினாய் என்று நர்ஸ் கேட்டதற்கு, “எங்க வீட்டுக்காரர் பயந்துருவாரு” என்றாள்.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் டாக்டரைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு அன்று வண்டி ஓட்டம். நான் கூடப் போனேன். டாக்டரம்மா மராட்டிக்காரி, சின்ன வயது, பொறுமைசாலி. இந்தியில் சொன்னாள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

“கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் இது ஒருதடவையில் தீருகிற நோய் இல்லை. மாதாமாதம் நாள் வந்துகொண்டிருந்தால் திரும்ப வளரலாம். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பிள்ளை இப்போதே வேண்டும் என்றால் மாத்திரை வேண்டாம், முயற்சி செய்யுங்கள். சில மாதத்தில் ஆகவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். இல்லை, முதலில் வலி அடங்கி உடம்பு தேறட்டும் என்றால், இன்றிலிருந்தே ஹார்மோன் மாத்திரை. தினம் ஒன்று, விடாமல். அதைச் சாப்பிடும்வரை பிள்ளைக்கு முயற்சி கிடையாது. எப்போது வேண்டுமோ அப்போது வந்து சொல்லுங்கள், நிறுத்திக்கொள்ளலாம். இரண்டில் எதுவும் தப்பில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு. உங்களுக்கு எது வேண்டும்?”

அவள் என்னைப் பார்த்தாள். “எக்கா, அவங்களுக்கு எது சவுரியம்னு கேளுங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள். “எனக்கு இல்லை. உங்களுக்கு.”

அவள் மறுபடி என்னையே பார்த்தாள். டாக்டரம்மா வேறு மாதிரிக் கேட்டாள். இதற்கு முன்னால் இந்த மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிட்டதுண்டா? தலையைக் குனிந்துகொண்டு கொடை மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். அந்த மாதம் வலி எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா கேட்டாள்.

“அந்த மாசம் வலியே வராது மேடம். அம்மன் தார லீவு.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளைக் கும்பிடுவேன். “அந்த மாத்திரையும் நான் தருகிற மாத்திரையும் ஒரே குடும்பம். நாள் வராவிட்டால் உங்களுக்கு வலி வராது. அதுதான் விஷயம். ஆனால் யாரையும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடுவதை இனிமேல் விட்டுவிடுங்கள்” என்றாள். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படலாம், பயப்படவேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மாத்திரை வாங்குவதும் வாங்காததும் உங்கள் முடிவு என்றாள்.

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்புவரைக்கும் வந்தாள். அப்புறம் சொன்னாள்:

“அப்போ அது அம்மா இல்லியாக்கா? மாத்திரையா?”

ஆபரேஷன்கூட அவளை அவ்வளவு அறுத்திருக்காது. என்ன சொல்வது? பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான், “மாத்திரைய வாங்க வச்சது யாருட்டி? கொடை இல்லன்னா நீ அத வாங்கியிருப்பியா?” என்றேன்.

அவள் அதை யோசித்துக்கொண்டே வந்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது.

“எக்கா,” என்றாள், “பிள்ளைக்கு முயற்சி பண்ணுன்னு டாக்டரம்மா லேசா சொல்லிட்டாங்க. எனக்கு…” அதற்கு மேல் சொல்லவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றினாள். புருஷன் பக்கத்தில் படுப்பதே அவளுக்குக் கத்தியாய் இருந்திருக்கிறது. ஏழு வருஷம். கல்யாணமான பெண் நான், அதற்கு மேல் விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இங்கே எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் விட்டால் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது புரியாது.

மாத்திரை வாங்கினால் பிள்ளை வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். ஊரில் மாமியார், “ஆபரேசன் பண்ணி சுத்தம் பண்ணியாச்சுல்லா, இனி என்ன தடை?” என்று போனில் காத்திருந்தாள். இவளோ ஒரு கிளாஸ் கரும்புச்சாற்றுக்கே என் பேரைச் சொல்கிறவள். வலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று யார் பேரில் கேட்பாள்?

அம்மன் பேரில் கேட்டாள்.

ஆடி பிறக்கப்போகிற நேரம் அது. அன்று சாயங்காலமே என் வாசலில் நின்று மாமியாரோடு போனில் பேசினாள். “அத்த, கொடை வருதுல்லா. இந்த வருசமும் முளைப்பாரி போடப்போறேன். நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டுக்கிடுதேன்.” மாமியார் என்ன சொல்லுவாள்? சாமி காரியம். “நல்லா போடு தாயி. சுத்தபத்தமா இரு” என்றாள். போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடினவள் பார்வையா, பிழைத்துக்கொண்டவள் பார்வையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்மனும் அவளைச் சும்மா விடவில்லை. டாக்டரம்மா சொன்ன மாதிரியே கொடையன்று சொட்டுப் பட்டுவிட்டது. என்னிடம் ஓடிவந்து, “இது தூரமாக்கா, மாத்திரையோட வேலையா?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதது தெரியாததுதானே. ‘இது தூரம் இல்லை’ என்று முளைப்பாரியைத் தூக்கியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவள் தூக்கவில்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரி மகளிடம் கொடுத்துவிட்டு, கோயிலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வந்து நின்றாள். அதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. “எக்காவுக்கு மூட்டு வலி. கூட்டத்துல நிக்க முடியாது. தொணைக்கு நிக்கேன்” என்றாள். அந்த வருஷம் அம்மன் அலங்காரத்தை நான் பார்க்கவில்லை. நல்ல மூட்டை வைத்துக்கொண்டு அவளோடு சாக்கடை ஓரமாக நின்றேன். குலவைச் சத்தம் மட்டும் கேட்டது.

கொடை முடிந்தது. மாத்திரை முடியவில்லை. ஆவணி ஞாயிறு, புரட்டாசிச் சனி, நவராத்திரி, கந்த சஷ்டி என்று அவள் மாதத்துக்கு ஒரு விரதம் எடுத்தாள். சொட்டுப் படுவதும் போகப்போக நின்றுவிட்டது. கார்த்திகையில் செம்பூரில் ஒரு கோயில், மார்கழியில் விடியக்காலம் கோலம், தையில் பால்குடம். பொய்யாக எடுத்தாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். எடுத்த விரதத்தை எல்லாம் ஒழுங்காக இருந்தாள். பட்டினி கிடந்தாள், வெறுங்காலோடு நடந்தாள். வாங்கினதற்கு வேலை செய்து கழிக்கிறவள் மாதிரி இருந்தது அவள் பக்தி.

வலி இல்லாத அவளை அந்த வருஷம்தான் பார்த்தேன். கன்னத்தில் சதை வைத்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

சந்தில் கிண்டல் கிளம்பியது. “என்ன சாமியாரம்மா, இந்த மாசம் எந்த ஊரு சாமி?” சிரித்துக்கொள்வாள். ஒருநாள் குழாயடியில் ஒருத்தி, இரக்கமாகத்தான், “இத்தன விரதம் இருக்கியே புள்ள, அந்த அம்மனுக்குக் கண்ணில்லையா, ஒரு பிள்ளையக் குடுக்க மாட்டங்காளே” என்றாள். அவள் குடத்தில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நகரவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், “அம்மாவ வைய வச்சிட்டேனேக்கா” என்றாள். பிள்ளை ஆசை அவளுக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என் பேத்தியை மடியில் வைத்துத் தலைவாரும்போது வகிடை மூன்று தடவை கலைத்துக் கலைத்து எடுப்பாள், சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று.

எனக்கும் மனசு சரியில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் உறுத்தும். சாமி பேரைச் சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றுவதற்கு நான் சாட்சியாக இருக்கிறேனா? இல்லை, வேறு யாரும் நிற்காத இடத்தில் சாமி வந்து நிற்கிறாளா? அம்மனிடமே கேட்டேன். விளக்கு நின்று எரிந்தது, அவ்வளவுதான்.

சித்திரையும் வைகாசியும் எப்படியோ போயின. ஆனி வந்தது. ஆனியில் எங்கள் பக்கம் பெரிதாகச் சாமி காரியம் ஒன்றும் கிடையாது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மாமியார் வந்து இறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனுஷர். மாவு வாங்க வந்தார் என்று நினைத்துப் பாத்திரத்தை நீட்டச் சொன்னேன். பாத்திரம் கொண்டுவரவில்லை.

“எக்கா,” என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டே, “ஆனி மாசத்துல எங்கயாச்சும் கொடை உண்டா?”

“எதுக்குத் தம்பி?”

“இல்ல… தாணே பக்கம், கோவண்டிப் பக்கம், எங்கனாலும் பரவால்ல. கேட்டுச் சொல்லுங்க.”

எனக்குக் கை நின்றுவிட்டது. “ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போன ஆடியிலயே. கொடை முடிஞ்சும் மாத்திரை தீரல. எனக்குக் கண்ணு இல்லியா?”

“பின்ன ஏன் அவகிட்ட கேக்கல?”

“கேட்டா அவ பதில் சொல்லணும்லா” என்றார்.

பிறகு அவரே சொன்னார். “எங்கம்மா, இந்த மாசம் சாமி ஏது, மாத்திரைய நிப்பாட்டுன்னு சொல்லுது. இவளும் எடுத்து உள்ள வச்சிட்டா. பிள்ளை எனக்கும் வேணுந்தான் எக்கா. ஆனா மோரிக்குள்ள தண்ணியத் தெறந்துவிட்டுட்டு, துணிய வாயில வச்சுக்கிட்டு அவ அழுததக் கேட்டவன் நான். மறுபடி கேக்க முடியாது.”

“அம்மாகிட்ட நீங்களே சொல்லப்பிடாதா?”

“நான் சொன்னா, இவ சொல்லிக்குடுத்தான்னு ஆகும். எல்லாம் இவ தலையிலதான் விழும்.”

அவர் போனபிறகு மாவுப் பாத்திரத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன். இல்லாத கொடையை உண்டு என்று சொல்ல என்னால் முடியாது. சாமி காரியத்தில் என் நாக்கு பொய்க்கு வளையாது. அதனால் ஒரே வழிதான் இருந்தது. குளித்தேன். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, ‘இந்தப் பிள்ளைக்கு வலி இல்லாமல் இருக்கவேண்டும் தாயே, ஆனி கடைசிச் செவ்வாய் உனக்குப் பொங்கல் வைக்கிறேன்’ என்று நேர்ந்துகொண்டேன். இப்போது ஆனியில் ஒரு சாமி காரியம் உண்டு. பொய்யும் இல்லை.

எதிர்க் கோலிக்குப் போனேன். “மைனி, எனக்கு ஒரு நேர்ச்சை இருக்கு. ஆனி கடைசிச் செவ்வாய் பொங்கல். கூட நிக்க சுத்தமா ஒரு ஆள் வேணும். ஒங்க மருமகளத்தான் நெனச்சிருக்கேன்.”

மாமியார் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து தானே தண்ணீர் மொண்டுவந்து மருமகளிடம் நீட்டினாள். “இந்தா. மாத்திரையப் போடு. சாமி காரியத்துல தூரமாயிரக் கூடாது.”

அவள் டம்ளரை வாங்கினாள். மாத்திரை இறங்குகிறவரை என்னையே பார்த்தாள். என்ன பார்வை அது! நன்றி மாதிரி இருந்தது. அதே நேரத்தில், ‘நீங்களும் இதுக்குள்ள வந்துட்டீங்களே எக்கா’ என்பது மாதிரியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் பொங்கல் வைத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக்கூரையில் தடதடவென்று சத்தம். அவள் வீட்டுக்காரர் அடுப்புக்குப் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொங்கினது, குலவை போட்டோம். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பகலில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர். பூஜை நேரத்தில் மட்டும் பூசாரி.

“யார் பேருக்கு?” என்றார்.

மாமியார் முந்திக்கொண்டாள். “எம் மவன் பேருக்குப் பண்ணும். புத்திர பாக்கியம்னு சொல்லும்.”

எப்போதும் அப்படித்தான் நடக்கும். கோயிலில் அவள் எத்தனையோ தடவை அர்ச்சனை செய்து பார்த்திருக்கிறேன். புருஷன் பேருக்கு, மாமியார் பேருக்கு, ஒருதடவை என் முழங்காலுக்குக்கூடச் செய்தாள். பூசாரி கர்ப்பூரத்தைப் பற்றவைக்கப் போனார்.

“எம் பேருக்கு” என்றாள்.

மழைச் சத்தத்தில் பூசாரிக்குக் கேட்கவில்லை. “என்னம்மா?”

“எம் பேருக்குப் பண்ணுங்க சாமி.” பேரைச் சொன்னாள், நட்சத்திரத்தைச் சொன்னாள். இவ்வளவு வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் அவள் பேரை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

பூசாரி வழக்கம்போல, “புத்திர பாக்கியந்தானே?” என்றார்.

“இல்ல. வலி இல்லாம இருக்கணும். இப்பதைக்கு அது போதும்.” அம்மனைப் பார்த்துக் கைகூப்பினாள். “பிள்ளை வேணுங்கற அன்னைக்கு நானே வந்து கேட்டுக்கிடுதேன்.”

பிளாஸ்டிக் தாளில் தேங்கின மழைத்தண்ணீர் அவள் வீட்டுக்காரர் தோளில் வழிந்தது. அவர் அசையவில்லை. பூசாரி மணியை அடித்தார். மாமியார் ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், திருநீறு வாங்கிக்கொண்டாள், பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பின்னால் போனோம்.

மறுநாள் காலை என் கதவு திறந்திருந்தது, அவர்கள் கதவும் திறந்திருந்தது. மாமியார் தண்ணீர் மொண்டு தரவில்லை. அவளே எழுந்துபோய் மொண்டுகொண்டாள். மாமியாருக்கு எதிரே நின்று, எந்தச் சாமி பேரும் சொல்லாமல், மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையும் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. சில நாளில் ஊருக்குப் போய்விட்டாள். வந்தால் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெறுகிறவள், இந்தத் தடவை என் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அவளும் கும்பிடுகிறவள்தானே.

பிறகு அவர்களும் கோவண்டிப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். டெம்போவில் சாமான் ஏற்றி முடித்ததும் அவள் என்னிடம் வந்து, “எக்கா, எனக்குத் தாகமா இருக்கு” என்றாள். நைன்டி ஃபீட் ரோடு வரைக்கும் நடந்துபோய்க் கரும்புச்சாறு குடித்தோம். நான் பாதிதான் குடித்தேன், எனக்கு இறங்கவில்லை. மீதியையும் வாங்கி அவளே குடித்தாள்.

அப்புறம் பிள்ளை பிறந்ததா என்று படிக்கிறவர்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டுமே கேட்டு அவளை வாட்டினது போதும்.

ஆனி கடைசிச் செவ்வாய் இன்னும் நான் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு நேர்ந்ததுதான், விட மனசில்லை. சந்தில் யாருக்கும் இது எதற்கு என்று தெரியாது. பூசாரி தட்டோடு வந்து, யார் பேருக்கு என்று கேட்பார். நான் அவள் பேரைச் சொல்வேன், நட்சத்திரத்தைச் சொல்வேன். இங்கே அந்தப் பேரை எழுதமாட்டேன். சொல்லவேண்டிய இடத்தில் அவளே சொல்லிவிட்டாள்.